நீட்டுமரத்து நிழல்

எட்டு மாதம் மழை, மூன்று மாதம் பனி, மிச்சமிருக்கிற ஒரே மாதத்தில் துணி காயப்போட்டு, கூரை மாற்றி, கல்யாணமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்த வெள்ளிமூக்கு மலையில், பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு மேலே சோலை தொடங்குகிற இடத்தில், தனக்குக் கீழே நேரத்தை நீட்டி வைக்கிற மரம் ஒன்று நின்றது. வெளியே பத்து நிமிடம் போனால் அதன் கிளைகளுக்குக் கீழே எட்டு மணி நேரம் போகும். வெளியே ஒரு மணி நேரம் என்றால் உள்ளே இரண்டு நாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதை நீட்டுமரம் என்றார்கள். நாலரை மணி பஸ் ஐந்து மணிக்குத்தான் வரும் என்று சொல்வதைப் போல, அதே குரலில்தான் அதைப் பற்றியும் சொன்னார்கள். கிளை கவிந்த எல்லையைச் சுற்றிக் கற்களை அடுக்கிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் தூங்குவதற்கு மட்டும். பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது. கொழுந்துக் கூடையைக் கல்லுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இந்த விதிகளை யார் வகுத்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மீறியவர்கள் இல்லை.

செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி, தாவரவியல் ஆராய்ச்சி செய்கிறவள். மலையில் முளைக்கிற ஒவ்வொரு செடிக்கும் கொடிக்கும் பெயர் கண்டு பட்டியல் எழுதுவதற்காக வந்து, எஸ்டேட் எல்லையில் இருந்த இரண்டு அறை ஆய்வு நிலையத்தில் ஆறு வருஷமாகத் தனியாக இருந்தாள். பட்டியலில் முந்நூற்றுப் பதினாறு முடிந்து, முந்நூற்றுப் பதினேழாவதைத் தேடிக்கொண்டு ஒரு காலை அவள் அந்தக் கற்களின் பக்கம் வந்தபோது, வெற்றிலை மென்றபடி தேயிலை நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற தங்கபுஷ்பம் குரல் கொடுத்தாள்.

"டாக்டரம்மா, கல்லுக்கு உள்ள போயிராதீங்க."

"ஏங்க்கா, பாம்பு கெடக்கா?"

"பாம்புன்னா அடிச்சிரலாம். இது வயசாக்கிப்புடும்."

செண்பகவல்லி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஒரு கிளையை ஒடித்துத் தாளில் பரப்பினாள், இலையின் நரம்புகளை எண்ணினாள், படம் வரைந்தாள், எந்தக் குடும்பம் என்று தெரியாமல் நோட்டில் நாலு பக்கம் எழுதி அடித்தாள், கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தும் விட்டு வெளியே வந்தால், தங்கபுஷ்பம் அதே வெற்றிலையைத்தான் மென்றுகொண்டிருந்தாள்.

"நான் பதினோரு வருஷம் அங்க தூங்கியிருக்கேன்," என்றாள் தங்கபுஷ்பம். "எங்க வீட்டுக்காரரு நெஞ்சு நோவுல படுத்திருந்தப்போ ராத்திரி பூரா அவரைப் பாத்துட்டுப் பகல்ல கொழுந்து எடுக்கணும்ல. தெனம் பத்து நிமிஷம். சும்மாவா தூங்கினேன், என் ஆயுசுல இருந்து எடுத்துல்ல தூங்கினேன். ரேஷன் கார்டுல நாப்பத்தி நாலு. எனக்கு நாப்பத்தி எட்டு."

அன்று மாலை செண்பகவல்லி சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று சென்னையிலிருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

"வாகீ, இங்க ஒரு மரம் இருக்கு."

"செண்பகம், எனக்கு நேரமே இல்ல."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

வாகீசன் இயற்பியல்காரன். கருவியைத் தொடாத, தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு செய்கிற இயற்பியல். நேரம் என்பது எதனால் ஆனது, அதையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்பதற்கு இருபத்து நாலு வயதில் ஒரு கணக்குப் போட ஆரம்பித்தான். அதை முடிக்க இன்னும் எத்தனை நாளாகும் என்றும் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தான். இருபத்தைந்து வருஷம் என்று வந்தது. அவன் வேலை பார்த்த இடத்தில் பதினோரு மாதத்துக்குப் பிறகு நாற்காலி கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நிற்க முடியாதவன், லிஃப்ட் வருவதற்குள் படியில் ஏறிவிடுகிறவன், சாப்பிடும்போதும் தட்டைக் கையில் ஏந்தி நடக்கிறவன் அவன். இரண்டு கடிகாரத்தோடு வந்து, ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைத்து மூன்று நாள் அளந்தான். நாலாம் நாள் ஒரு மேஜை கேட்டான்.

"மரத்தைப் பத்தி என்ன நினைக்கிற?" என்றாள் செண்பகவல்லி.

"அது அப்புறம். முதல்ல என் கணக்கை முடிச்சுர்றேன்."

வாடகைக்கு அமைந்த அறையைப் பார்ப்பதுபோல்தான் அவன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். அது அவளுக்கு உறுத்தியது. தங்கபுஷ்பத்துக்கு உறுத்தியது வேறு.

"கூடையை வெளிய வச்சிட்டுப் போகச் சொல்லுங்க அவர."

"அவன்கிட்ட ஏதுக்கா கூடை?"

"அந்த நோட்டுதான் கூடை. வேலையை உள்ள கொண்டுபோகக் கூடாது டாக்டரம்மா. ஒருத்தர் கொண்டுபோனா அப்புறம் எல்லாரும் கொண்டுபோகணும்பாங்க."

பதினோரு மாதம்தானே அக்கா என்றாள் செண்பகவல்லி. அந்தப் 'தானே'யை நினைத்து அவள் பின்னால் பல நாள் வருந்தினாள்.

விடிந்ததும் வாகீசன் உள்ளே போவான், பொழுது சாய்ந்ததும் வெளியே வருவான். நமக்கு ஒரு பகல், அவனுக்கு இருபத்து நாலு நாள். உள்ளே ஒரு தார்ப்பாய், ஒரு கட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை. அவனுடைய விடியல் இரண்டு நாள் நீடித்தது, உச்சி வெயில் ஒரு வாரம் நகராமல் நின்றது, சரிவில் இறங்கிய மூடுபனி பாதி வழியில் பஞ்சுமூட்டையாக அப்படியே கிடந்தது, ஒரு இருவாச்சிப் பறவை பள்ளத்தாக்கைக் கடப்பதற்குள் அவன் கஞ்சி வைத்துக் குடித்துப் பாத்திரத்தையும் கழுவிவிடுவான். ஒலி எதுவும் இல்லை. பெண்கள் பாறையில் செதுக்கியதுபோலக் கொழுந்தில் விரல் வைத்து நிற்பார்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கோ அவன் ஒரு அதிர்வு, மின்விசிறி இறக்கையைப் போல இருக்கிறதும் இல்லாததுமான ஒரு கலங்கல்.

ஊர் அவனைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது. பஜாரில் முடி வெட்டுகிற சீனியப்பன், வாரத்துக்கு இரண்டு தடவை மூன்று மாத முடியோடு வருகிற ஆளுக்கென்று தனியாக ஒரு கத்தரி வாங்கினான். ஒரே ஆள் நாளுக்குப் பத்துக் கிலோ அரிசி சாப்பிடுவதை ரேஷன் கடைக்காரர் ஒத்துக்கொள்ளாததால், தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் வீட்டுக்கு ஒரு படி என்று முறை வைத்துக் கொடுத்தார்கள். ஜோசியம் பார்க்கிற பண்டாரம், ஏழரைச் சனி தொடங்கிய அன்றே இவன் மரத்தடிக்குப் போனதாகவும், நாலே மாதத்தில் சனியைத் தாண்டிவிட்டதாகவும், அப்படியானால் சனி பகவான் உள்ளே எந்த வேகத்தில் நடந்தார் என்பதுதான் தனக்குப் பிடிபடவில்லை என்றும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கத் தலைவர் குழந்தைவேலு, மரத்தடித் தூக்கம் வேலை நேரத்தில் சேருமா, ஓய்வு நேரத்தில் சேருமா என்று ஒரு மனு எழுதினார். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆறாம் மாதம் வாகீசனுடைய தலை நரைத்தது. டீக்கடையில் எழுந்து இடம் விட்டார்கள். வந்தபோது அவனைத் தம்பி என்றவர்கள் அய்யா என்றார்கள். அவன் அவர் ஆனான். இனி நாமும் அவர் என்றே சொல்லுவோம்.

செண்பகவல்லி ஒருத்திதான் விடாமல் 'நீ' என்றாள்.

அவளுக்கு விளங்காமல் போனது வயது இல்லை. காலையில் ஒரு வார்த்தை தடித்துச் சண்டையாகும். பகலெல்லாம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் சோலைக்குள் அலைவாள். மாலையில் வந்தவரிடம் "காலைல நீ சொன்னது சரியில்ல" என்றால், அவர் நெற்றியைச் சுருக்கி யோசிப்பார். அவருக்கு அது போன மாதம். சில நாள் இதற்கு நேர்மாறு. இருபத்து நாலு நாள் மனித முகமே பார்க்காத ஏக்கத்தில் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார், அவளுக்கோ இப்போதுதான் வழியனுப்பிய ஆள். கையில் செடிப் பால் ஒட்டியிருக்கிறது, விடு, கழுவிட்டு வரேன் என்பாள். அவர் முகம் வாடும். நடு வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். "இங்க எல்லாம் எவ்வளவு வேகமா ஓடுது" என்பார். இரவில் படுத்தும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

"வெளிய வந்துரு வாகீ. போதும்."

"பாதி தாண்டிட்டேன். இப்ப விட்டா நேத்துவரைக்கும் உக்காந்தது வீண்."

"எத்தனை நேத்து?"

அவர் மறுநாளைக்கான தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

தங்கபுஷ்பம் பயந்தது எட்டாம் மாதம் நடந்தது. எஸ்டேட் மேனேஜர் பிரதாபன் ஒரு நாள் ஜீப்பை நிறுத்தி, சுண்ணாம்புக் கற்களுக்கு உள்ளே எழுதிக் குவித்திருந்த தாள்களைப் பார்த்தார். ஒரு மனிதன் ஒரு பகலில் ஒரு மாத வேலை செய்கிறான் என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மஸ்டரில், தேயிலைத் தூள் சலிக்கிற பெண்கள் இருபது பேரும் இனி நீட்டுமரத்தடியில்தான் சலிக்க வேண்டும் என்று சொன்னார்.

பெண்கள் நேராக ஆய்வு நிலையத்துக்கு வந்தார்கள். கூச்சல் போடவில்லை. தங்கபுஷ்பம் மட்டும் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரரு தொறந்து விட்ட கதவு டாக்டரம்மா."

செண்பகவல்லிக்குத் தலை நிமிரவில்லை. "நான் மேனேஜர்ட்ட பேசறேன்க்கா. மரம் ஆராய்ச்சியில இருக்குன்னு எழுதிக் குடுக்கறேன்."

"எழுதினா கிழிப்பாரு. நாங்க போறோம்னு சொல்லிட்டோம்."

"போறீங்களா?"

"போறோம். ஒரே ஒரு விசயம் கேட்டோம். நாங்க வேலை செய்யற எடத்துல தொரை நின்னு பாக்கணும்ல. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். சட்டம் அப்படித்தான்னு சங்கத் தலைவரும் சொல்லிட்டாரு."

பிரதாபன் நின்றார். ஒரே ஒரு பகல். கொழுந்து எடுக்கிற பெண்களும் சேர்ந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு கூட்டமாக முறை மாற்றிக்கொண்டார்கள். யாரும் எட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இல்லை. மேற்பார்வைக்கு முறை மாற்ற ஆள் இல்லை. உள்ளே எட்டாவது நாளில் அவருக்கு வாட்சைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது, பன்னிரண்டாவது நாளில் தன் ஆறு வயது மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கற்களைத் தாண்டி ஓடியிருப்பார், ஆனால் உத்தரவு அவருடையது, முறை மாற்றி உள்ளே வருகிற ஒவ்வொரு கூட்டமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சலித்தது. சாயங்காலம் வெளியே வந்தவருக்குத் தாடி. நேராக ஜீப்பில் ஏறினார். மறுநாள் சலிக்கும் மேஜைகள் பழையபடி ஃபாக்டரிக்குள் இருந்தன. எஸ்டேட்டில் அதற்கப்புறம் நீட்டுமரத்தின் பேரை எடுத்த மேனேஜர் இல்லை.

வாகீசன் இதெல்லாம் நடந்தபோது அங்கேயே ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தும் தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

பத்தாம் மாதம், பங்குனி வெயிலில், நண்பகல். செண்பகவல்லி எதிர்ச் சரிவில் ஒரு பெரணியைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பை நிமிர்த்தப் பார்வையை உயர்த்தியபோது, மரத்தடியில் இருந்த கலங்கல் நின்றுபோயிருந்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக வெளியிலிருந்தே அவருடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. மேஜைமேல் கவிழ்ந்து, கன்னம் தாளில் அழுந்தி, வாய் திறந்து. தூங்குகிற ஆள்கூட நாற்பத்தெட்டு மடங்கு வேகத்தில் புரளுவான். இது புரளவில்லை. அவள் ஓடினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அங்கே ஒரு நிமிடத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது என்பது கால்களுக்கும் தெரிந்திருந்தது.

மரத்துக்குப் பக்கத்து நிரையில் நின்ற தங்கபுஷ்பம் முந்திக்கொண்டாள். அன்றைக்குரிய தூக்கத்தைக் காலையிலேயே தூங்கி முடித்தவள். கூடையை இறக்கக்கூட நிற்காமல், முதுகில் கொழுந்தோடு கல்லைத் தாண்டினாள். செண்பகவல்லி போய்ச் சேர்ந்தபோது தங்கபுஷ்பம் அவரைக் கட்டிலில் சாய்த்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, மார்பை நீவித் தண்ணீர் தொட்டுக் கொடுத்து, பிறகு தார்ப்பாயில் உருட்டிக் கற்கள்வரை இழுத்தும் வந்திருந்தாள்.

"முக்கா மணி நேரமா ஒங்களையேதான் பாத்துட்டிருந்தேன்," என்றாள். "ஓடி வர்றீங்க, வர்றீங்க, ஒரு காலு அந்தரத்துலயே நிக்குது, தரையில பட மாட்டேங்குது. சாமி, அந்தக் கால எறக்கி வையின்னு கத்தினேன். உசுரு இருக்கு. தூக்குங்க."

கொழுந்து கட்டுகிற படுதாவில் கிடத்தி எட்டுப் பெண்கள் சுமந்து இறக்கினார்கள். அடிவார ஆஸ்பத்திரியில் வயது கேட்டார்கள். முப்பத்தேழு என்றாள் செண்பகவல்லி. எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்பாவோட வயசைக் கேட்டேன் என்றாள். செண்பகவல்லி சுவரைப் பார்த்தபடி, ஐம்பத்தாறு என்று எழுதிக்கோங்க என்றாள்.

பிழைத்தார். மாடிப்படி கூடாது, உப்பு கூடாது, அதிர்ச்சி கூடாது. ஆய்வு நிலைய வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஒரு வாரம் உட்கார்ந்தார். காகம் கத்துவதும் குக்கர் கூவுவதும் அவரை உலுக்கின. ஜீப் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார். விரல் நாற்காலிக் கையில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் சொன்னார்:

"இன்னும் ஆறு வருஷ வேலை. மூணே மாசம்."

"செத்துப்போவ."

"இப்படி உக்காந்திருந்தா சாகறதுக்கு முன்னாடியே போயிருவேன் செண்பகம்."

அவள் இரண்டு நாள் சோலையில் சுற்றினாள், ஒரு செடியும் கண்ணில் படவில்லை. அவரைக் கட்டிப்போடலாம். மரத்தை வெட்டச் சொல்லலாம். பெண்கள் விடமாட்டார்கள், அவளே விடமாட்டாள். மூன்றாம் நாள் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போய், டீ குடித்துவிட்டு எழுந்தபோது தங்கபுஷ்பம் சொன்னாள்: "தனியா விட்டதுதான் தப்பு. தூங்கப்போறவளுக்குக்கூட நாங்க வெளிய ஒருத்தி நிப்போம்."

மறுநாள் மேஜையைக் கற்களின் ஓரத்துக்கு நகர்த்தினார்கள். உள்ளே அவர், வெளியே அவள். அவளுடைய இடது கை மட்டும் கற்களைத் தாண்டி உள்ளே இருந்தது. அவருடைய இடது கை அதைப் பிடித்திருந்தது. அவர் வலது கையால் கணக்கை எழுதினார், அவள் வலது கையால் பட்டியலை எழுதினாள். அவர் சமைக்க, படுக்க எழுந்துபோய்த் திரும்புவது அவள் உள்ளங்கைக்குக் காற்று வந்து போவதுபோல இருந்தது. அவருடைய நாடி அவள் விரலுக்குத் துடிப்பாக வரவில்லை, வண்டு முரலுவதுபோல ஒரே நீண்ட ரீங்காரமாக வந்தது. அது கேட்கிறவரை அவள் எழுதினாள். கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பேனாவை வைத்துவிட்டு அவரை வெளியே இழுத்தாள். மூன்று தடவை இழுத்தாள், மூன்று தடவையும் அவர் திட்டினார், மாத்திரை போட்டுக்கொண்டு திரும்பினார். சாயங்காலம் அந்த ஒரு கைக்கு மட்டும் வாரம் நாலு தடவை நகம் வெட்ட வேண்டியிருந்தது. அந்தக் கையின் தோல் மெல்ல வேறாயிற்று, கழுத்துக் கருகமணியைச் சரிசெய்யும்போது யாரோ ஒரு அத்தையின் கை தன்னைத் தொடுவதுபோல அவளுக்கு இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் பார்த்தார்கள், கேட்கவில்லை. மதியத்தில் யாராவது ஒருத்தி வந்து அவளுக்குச் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

சென்னையிலிருந்து, பதினோரு மாதம் முடிந்ததால் அறையைக் காலி செய்துகொள்ளுமாறு ஒரு கடிதம் வந்தது. அவருக்கு அந்த அறை எந்த மாடி என்பதே மறந்திருந்தது.

ஆடி பிறந்த நாலாம் நாள், காலை பதினொரு மணிக்கு, ரீங்காரம் நிற்காமலே அந்தப் பிடி விட்டது. செண்பகவல்லி பதறித் திரும்பினாள். அவர் கற்களைத் தாண்டி, ஒரு கட்டுத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நின்றார். அறுபத்திரண்டு வயது.

"முடிஞ்சது."

"சரியா இருக்கா?"

"ஆறு தடவை பாத்துட்டேன். அதுக்கே ஒன்றரை வருஷம் போச்சு."

"என்ன சொல்லுது?"

அவர் நேரம் எதனால் ஆனது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லப் பார்த்தார், வரவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்லும் வழி தெரியாமல் கால் மாற்றி நின்றார்.

"முதல்லேர்ந்து சொல்லணும். ஒரு வருஷம் ஆகும்." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "உள்ள வா. பதினஞ்சே நாள்ல சொல்லி முடிச்சிர்றேன்."

அவர் அவளுடைய இடது கையைப் பிடித்தார். அது அவருக்குப் பழகிய கை. அவள் நகரவில்லை.

"வேணாம். இங்கயே சொல்லு."

"செண்பகம், ஒரு வருஷம். என் நெஞ்சுக்கு என்ன கணக்கு இருக்குன்னு தெரியாது."

"பாதியில நின்னா நிக்கட்டும். எனக்குத் தெனம் கொஞ்சம் வேணும். நான் ராத்திரி யோசிக்கணும். காலைல சந்தேகம் கேக்கணும். நீ நேத்து சொன்னது உனக்கும் நேத்தா இருக்கணும்."

அவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். அதன் உயரத்தையும், அடிமரத்தில் படர்ந்த பாசியையும், எறும்புகள் ஏறுகிற வரிசையையும் அப்போதுதான் பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு தேயிலை நிரைகளுக்கு நடுவில் இருந்த பாறையில் மெதுவாக உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொழுந்து எடுத்துக்கொண்டே நகர்ந்து வந்த தங்கபுஷ்பம், என்ன கதை என்று கேட்பதுபோல நிரையிலேயே நின்றாள்.

முதல் தாளை முழங்காலில் விரித்து, ஒரு சின்ன வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இது ஒரு புள்ளின்னு வெச்சுக்கோ. இதுக்கு முன்னாலயும் ஒண்ணுமில்ல, பின்னாலயும் ஒண்ணுமில்ல."

"அப்போ இது மட்டும் எங்க இருக்கு?" என்றாள் செண்பகவல்லி.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது சரிவில் பனி இறங்கியது. தாள் மறைந்தது, அவள் முகம் மறைந்தது, தங்கபுஷ்பத்தின் சிவப்புத் தலைத்துணி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து அதுவும் மறைந்தது. பனி விலகக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் காலை ஆட்டாமல், சொல்ல வந்த பதிலோடு அங்கேயே காத்து உட்கார்ந்திருந்தார்.